ஒரு ஓடைத் தவளையை மறு ஓடையில் விடாதீங்க



இந்த முறை தவளையைப் பற்றி எழுதுகிறோம் என்றதும், "நலன்புரிக்காரருக்கு வேறு வேலை இல்லையா? பீலியிலே தண்ணி வரலே, லயத்துக் கூரை ஒழுகுது, இவங்க தவக்களையைப் பத்தி எழுதுறாங்க" என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள், அதில் தப்பில்லை. பீலியும் கூரையும் பற்றி எழுதுவதை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் இந்த விஷயத்தை எழுதாமல் விட்டால் பிறகு எழுதிப் பயன் இல்லாமல் போய்விடும். ஏன் என்று கடைசிவரை படித்தால் விளங்கும்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குவோம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த மலைகளில் தேயிலை இல்லை, கோப்பிதான் இருந்தது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். அது ஒரு பூஞ்சணம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பங்கசு என்று போட்டிருக்கும். ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 20 வருஷத்துக்குள் மலைநாட்டுக் கோப்பி ஏறக்குறைய முடிந்துபோய், அந்த மண்ணில் தேயிலை வந்தது. பிறகு 1946ஆம் ஆண்டு தேயிலைக் கொழுந்துக்கே கொப்புள நோய் வந்தது. அதுவும் ஒரு பூஞ்சணம்தான். மழைக்காலத்தில் அதற்கு இன்றைக்கும் மருந்தடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூள் ஒரு மலைநாட்டையே மாற்றும் என்பது நம் சனத்துக்குப் புதிய பாடம் இல்லை.

தவளைக்கும் அப்படி ஒரு பூஞ்சணம் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்குக் கைட்ரிட் என்று பெயர் சொல்கிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் தவளைகள் கூட்டங்கூட்டமாகச் சாகக் காரணம் இதுதான் என்று 1998ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி உலகில் 501 வகைத் தவளை, தேரை முதலியன இந்த நோயால் குறைந்துபோயின. அவற்றில் 90 வகை அடியோடு அழிந்துவிட்டதாக எண்ணப்படுகிறது. ஒரே நோய் இத்தனை வகை உயிரினங்களை அழித்ததாக வேறொரு கணக்கு இல்லை.

நமக்கு அது எங்கோ நடந்த சங்கதி என்று இருந்துவிட முடியாது. நம் மலைகளுக்கு உறவுமுறை மலைகள் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைகள்தான். அங்கே கேரளத்தில், பொன்முடி மலையில் பிடித்த ஒரு தவளையில் இந்தப் பூஞ்சணம் இருந்ததை 2011ஆம் ஆண்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்த மலைத்தொடரில் வேறு பல இடங்களிலும் கண்டார்கள்.

தோல்தான் அதற்கு உயிர்

இந்த நோய் தவளையை எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால், நாம் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகத்தான் நீரை உறிஞ்சுகிறது. மூச்சில் ஒரு பகுதியும் தோல் வழியாகவே. உடம்புக்கு வேண்டிய உப்புச் சத்தையும் தோல்தான் அளந்து வைக்கிறது. சில வீடுகளில் வாசலுக்கு வந்த தேரை மேலே உப்பைப் போட்டு விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது விரட்டுவது இல்லை, சித்திரவதை. நம் கண்ணில் உப்பைப் போட்டால் எப்படி இருக்குமோ, அதற்கு உடம்பு முழுதும் அப்படி இருக்கும். (தேரையைத் தொட்டால் கையில் மரு வரும் என்பதும் வீண் பேச்சு. மரு மனிதரிடமிருந்து மனிதருக்கு வரும் ஒரு வைரசினால் வருவது.)

அந்தத் தோலில்தான் கைட்ரிட் போய் உட்காருகிறது. தோல் தடித்துப் போகிறது. உப்புச் சத்து இரத்தத்தில் குறைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. நோய் கண்ட தவளை பகலிலே வெளியே வந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும், கிட்டப் போனாலும் தாவாது. தோல் உரிந்து உரிந்து வரும். மல்லாக்கப் புரட்டிவிட்டால் தானாகத் திரும்ப மாட்டாது.

இதில் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தலைப்பிரட்டைக்கு இந்த நோய் வாயைச் சுற்றி மட்டுமே ஒட்டும், ஏனென்றால் பூஞ்சணத்துக்குப் பிடித்தமான கெட்டிச் சத்து அந்தப் பருவத்தில் அங்கேதான் இருக்கிறது. அதனால் தலைப்பிரட்டை சாகாமல் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டே இருக்கும். கால் முளைத்து, வால் சுருங்கித் தவளையாகும் நேரம்தான் சாவு. ஆகவே பிள்ளை போத்தலில் கொண்டுவருகிற தலைப்பிரட்டை "நல்லாத்தானே இருக்குது" என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

இன்னொன்று, இந்தப் பூஞ்சணம் குளிர்ச்சியை விரும்புவது. 17 பாகை முதல் 25 பாகை செல்சியஸ் வரை அதற்கு மிகவும் ஒத்துப்போகும், அதற்குக் கீழேயும் உயிரோடு இருக்கும், 30 பாகைக்கு மேல் தாங்காது. நுவரெலியாவின் சராசரி 16 பாகை அளவில். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் கொஞ்சம் கூட. கொழும்பு வெயிலில் செத்துப்போகக்கூடியது நம் ஓடைகளில் சுகமாக வாழும். நம் குளிர் தேயிலைக்கு மட்டும் நல்லது என்று நினைக்கக் கூடாது.

மனிதருக்கு இந்தப் பூஞ்சணம் தொற்றுவதில்லை. அதில் யாரும் பயப்பட வேண்டாம்.

இதைத் தவிர ரனா வைரசு என்று வேறொரு தவளை நோயும் உண்டு. அது மீனுக்கும் ஆமைக்கும்கூட வரக்கூடியது. ஆனால் இரண்டும் பரவுகிற வழி ஏறக்குறைய ஒன்றே என்பதால் பெயரைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

வளர்த்த தவளையால் வந்த வினை

இந்தப் பூஞ்சணம் தானாக நடந்து நாடு கடந்து போகவில்லை. கொரியாப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வு சொன்னது. கொண்டுபோனவர்கள் மனிதர்கள்தான். வளர்க்கவும் சாப்பிடவும் பரிசோதனை செய்யவும் தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றினார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், 1930ஆம் ஆண்டுகளில் தொடங்கிக் கொஞ்ச காலம், ஒரு பெண் கருவுற்றிருக்கிறாரா என்று பார்க்க ஆபிரிக்கத் தவளை ஒன்றைத்தான் ஆஸ்பத்திரிகளில் பாவித்தார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியாக ஏற்றுவார்கள். தவளை முட்டையிட்டால் குழந்தை உண்டு என்று அர்த்தம். அதற்காக அந்தத் தவளை ஆயிரக்கணக்கில் உலகம் சுற்றியது. அதன் உடம்பில் இந்தப் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது சாவதில்லை, மற்றத் தவளைக்குக் கொடுத்துவிடும்.

அதே ஆபிரிக்கத் தவளைக் குடும்பத்தால் வந்த வினை ஒன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவில் நடந்தது. அங்கே மலை ஓடைகளில் ஒரு சின்னத் தேரை உண்டு. பெண் இட்ட முட்டைகளை ஆண் தன் காலில் சுற்றிக்கொண்டு பொரிக்கும்வரை சுமந்து திரியும். (நம்ம ஆம்பளைங்க படித்துப் பார்க்கட்டும்.) அது அழிந்துபோகும் நிலையில் இருந்ததால், நல்லெண்ணத்தோடு சிலவற்றைக் கொண்டுபோய்க் கூட்டில் வளர்த்துப் பெருக்கி, மறுபடி ஓடைகளில் விட்டார்கள். வளர்த்த இடத்தில் ஆபிரிக்கத் தவளைகளையும் வைத்திருந்தார்கள். அங்கே ஒட்டிய பூஞ்சணம் 1991இல் விட்ட தேரைகளோடு தீவுக்குள் போய்விட்டது. பாதுகாக்கப் போனவர்களின் கையாலேயே நோய் போனது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல 2008 ஆயிற்று. பிறகு தலைப்பிரட்டைகளை எல்லாம் பிடித்து மருந்துத் தண்ணீரில் வைத்து, குட்டைகளைக் காயவிட்டு, பாறைகளைக் கிருமிநாசினி போட்டுக் கழுவித்தான் அந்தக் குட்டைகளைச் சுத்தமாக்கினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டைகளுக்கே இவ்வளவு பாடு. நம் மலையில் ஓடைக்கு ஓடை, கானுக்குக் கான் அப்படிச் செய்ய முடியுமா?

தவளை போனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி. மத்திய அமெரிக்காவில் கொஸ்தாரிக்கா, பனாமா நாடுகளில் தவளைகள் செத்து முடிந்த பிறகு, அந்தந்தப் பகுதிகளில் சில வருஷத்துக்கு மலேரியாக் காய்ச்சல் கூடியது என்று 2022ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. நுளம்புக் குடம்பியைத் தின்ன ஆள் இல்லை. 2016ஆம் ஆண்டு இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது நமக்குத் தெரியும். அதைக் காப்பாற்றுவதில் ஓடைத் தவளைக்கும் சின்னப் பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மலைத் தவளை

இலங்கையில் சுமார் 120 வகைத் தவளை, தேரை உண்டு. பத்தில் ஒன்பது வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. அதிலும் செடித்தவளைகள் என்று சொல்லும் சின்னச் சின்னத் தவளைகள் நம் மலைகளில்தான் அதிகம். கட்டைவிரல் நீளம்கூட இராது. இவை தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈர மண்ணுக்குள்ளோ இலையின் மேலோ இடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். "அப்போ தண்ணி நோய் அதுக்கு வராதே" என்று நினைக்கலாம். அப்படி இல்லை. மத்திய அமெரிக்காவில் இதே மாதிரித் தண்ணீருக்குள் முட்டையிடாத தவளைகளும் இந்த நோயில் செத்தன.

இவற்றில் சில வகைகள் ஒரு மலைத்தொடரில் மட்டும், ஒரு காட்டுத் துண்டில் மட்டும் வாழ்கின்றன. நம் தோட்டத்து மேல்மலைக் காடு, ஆற்றோரத்துப் புதர், டர்பன்டைன் தோப்புக்கு அப்பால் உள்ள பள்ளம், இதுதான் சிலதுக்கு முழு உலகம். அங்கே நோய் வந்தால் பக்கத்து மலையிலிருந்து வந்து பெருக வேறு கூட்டம் இல்லை.

உலகில் அழிந்துவிட்டதாகப் பட்டியல் போட்ட தவளை வகைகளில் கிட்டத்தட்டப் பாதி இலங்கையைச் சேர்ந்தவை. இதைச் சொல்ல நமக்கு வெட்கம்தான். அதற்குக் காரணம் நோய் என்று சொல்ல முடியாது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டியதுதான் பெரிய காரணம். ஆனால் மிச்சம் இருப்பவை எவ்வளவு சின்னத் துண்டுகளில் ஒதுங்கி இருக்கின்றன என்பதை அதுவே காட்டுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. 1853ஆம் ஆண்டு கெலார்ட் என்ற வைத்தியர் எழுதிவைத்த நட்சத்திரப் புள்ளித் தவளையை அதற்குப் பிறகு 150 வருஷத்துக்கு மேல் யாரும் காணவில்லை. அழிந்தது என்றே எழுதிவிட்டார்கள். 2009ஆம் ஆண்டு மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழுவினர் சிவனொளிபாத மலைக் காட்டில் அதை உயிரோடு கண்டார்கள். 1872ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாமல்போன கண்டிக் குள்ளத் தேரையும் அதே காட்டில்தான் மறுபடி கிடைத்தது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்து ஆட்கள் மார்கழி முதல் வைகாசி வரை மலைக்கு ஏறி இறங்கும் வழியைச் சுற்றியுள்ள அதே காடு. நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறவர்களின் சப்பாத்துச் சேறு அங்கே வந்து சேருகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியது

பூஞ்சணம் ஏரித் தண்ணீரில் 7 வாரம்வரை, ஈர ஆற்று மணலில் 12 வாரம்வரை உயிரோடு இருந்ததாகப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் முற்றாகக் காய்ந்தால் 3 மணி நேரத்தில் செத்துவிடும். 60 பாகைச் சூட்டில் 5 நிமிடம் போதும். ஈரமும் சேறும்தான் அதன் வாகனம்.

ஆகவே, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைக்காசு வேலைக்குப் போகிறவர்கள், விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்கள், ஹோர்ட்டன் சமவெளிக்கோ மலைக்கோ போய்வருகிறவர்கள் முதலில் பூட்சில் உள்ள சேற்றைக் குச்சியால் சுரண்டிப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். ஓடையில் வேண்டாம், வாசலில், புல்தரையில் கழுவுங்கள். பிறகு வெயிலில் நன்றாகக் காயட்டும். மழைக்காலத்தில் நம்ம ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்பங்கரையில் வைத்துக் காயவிடலாம். அவசரம் என்றால் கொதிநீர் 2 பங்கு, பச்சைத் தண்ணீர் 1 பங்கு கலந்து அந்தச் சூட்டில் 5 நிமிடம் வைத்தால் போதும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க. கிருமி சாகட்டும் என்று குளோரினை ஓடையிலோ கானிலோ ஊற்ற வேண்டாம். நோய்க்கு முந்தி அதுவே தவளையைக் கொன்றுவிடும்.

பிள்ளைகள் தலைப்பிரட்டை பிடிப்பதை முழுக்கத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. பார்க்கட்டும், படிக்கட்டும். பார்த்துவிட்டு அங்கேயே, எடுத்த அதே குட்டையில் அன்றைக்கே விடச் சொல்லுங்கள். மாமா வீட்டுக்குப் போன இடத்தில் பிடித்ததைப் போத்தலில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து நம் பீலிக்கரையில் விடுகிற பழக்கம்தான் ஆபத்து. பாடசாலையில் பாடத்துக்காக வைக்கும் ஆசிரியர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறோம்: மீன்தொட்டியில் சேர்க்காதீர்கள், இரண்டு இடத்துத் தலைப்பிரட்டையை ஒன்றாக வைக்காதீர்கள், அந்தத் தண்ணீரை ஓடைக்குத் தூரமாக, வெயில்படும் காய்ந்த தரையில் ஊற்றுங்கள்.

மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகள் இப்போது லயங்களிலும் கூடிவிட்டன. நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் மீனோ நீர்ச்செடியோ நத்தையோ அலுத்துப்போனால் ஆற்றில் விடாதீங்க. "பாவம், உயிரோட போகட்டும்" என்று விடுகிற மனசு நமக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஒன்றுக்குக் காட்டும் இரக்கம் ஓடையில் உள்ள நூறுக்கும் எமனாகலாம். வேறு வளர்ப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். அயல்நாட்டுத் தவளையை யாரும் விற்க வந்தால் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் சுகத்துக்கும் அது நல்லதில்லை: ஐக்கிய அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை, மீன்தொட்டியில் வளர்த்த குட்டி ஆபிரிக்கத் தவளைகளால் 370 பேருக்கு மேல் சல்மொனெல்லா வயிற்றோட்டம் வந்தது. பெரும்பாலானோர் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். எந்தத் தவளையைத் தொட்டாலும், தொட்டித் தண்ணீரைத் தொட்டாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். குசினியில், பாத்திரம் கழுவும் இடத்தில் அந்தத் தொட்டியைக் கழுவவே கூடாது.

தவறணையில் வேலை செய்யும் அக்காமாருக்கும் ஒரு சொல். நாற்றுப் பைகள் லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகும்போது பைகளுக்கு இடையில் தவளை ஒளிந்திருக்கும். மண்ணில் வெள்ளை முத்து மாதிரி முட்டையும் இருக்கலாம். ஏற்றுமுன் ஒருமுறை பார்த்து, இருந்தால் ஈரக் கையால் எடுத்துத் தவறணை ஓரத்திலேயே விடுங்கள்.

மருந்தடிக்கும் தம்பிமார் டேங்கை ஓடையில் கழுவ வேண்டாம் என்று நாங்கள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம். அது குடிதண்ணீருக்காகச் சொன்னது. இதற்கும் பொருந்தும். பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வயலிலும் தோட்டத்திலும் பாவிக்கும் நான்கு மருந்துகளில் தலைப்பிரட்டைகளை வளர்த்துப் பார்த்தபோது, அவை கூடுதலாகச் செத்தன, மிஞ்சியவை முதுகு வளைந்து கோணலாக வளர்ந்தன. மருந்தால் மெலிந்த உடம்பு நோயைத் தாங்குமா?

காட்டுத் தவளைகளில் பாதுகாக்கப்பட்ட வகைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. யாராவது வெளியார் வந்து "தவளை பிடித்துத் தா, காசு தாறேன்" என்று பிள்ளைகளிடம் கேட்டால் தோட்ட அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

ஒரு செத்த தவளையைக் கண்டால் பதற வேண்டாம். பாம்பு, பூனை, லொறிச் சக்கரம் என்று எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் ஒரே ஓடையில், ஒரே கிழமையில் நான்கைந்து செத்துக் கிடந்தாலோ, பகலில் தாவாமல் உட்கார்ந்திருந்தாலோ கவனிக்க வேண்டும். வெறும் கையால் தொடாதீங்க, வேறிடத்துக்குக் கொண்டும் போகாதீங்க. எந்த மலை, எந்த ஓடை, என்ன திகதி, எத்தனை, அதற்கு முந்தின நாட்களில் அங்கே மருந்தடித்தார்களா என்று ஒரு துண்டில் எழுதி நலன்புரி அலுவலகத்தில் கொடுங்கள். தொலைபேசி உள்ளவர்கள் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. நாங்கள் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவிப்போம். அவர்கள் வரும்வரை அந்த ஓடையில் இறங்கினவர்கள், வேறு ஓடைக்குப் போகுமுன் காலையும் பூட்சையும் கழுவிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைக் காம்பராவில் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும், அங்கே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.